சாயம் வெளுப்பதை நம்பும் முன்: ஃபுளோரைடு சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் தண்ணீர் பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, மத்தூர் என்று ஊர்ப் பெயர் எழுதி ஒட்டிய பாட்டில்கள். இறுதியாண்டு மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆய்வுத் தலைப்பு ஒன்றுதான்: அளவு மீறினால் பல்லில் பழுப்புக் கோடு விழவைக்கும் ஃபுளோரைடைப் போர்வெல் தண்ணீரிலிருந்து நீக்குவது. நீக்கும் பொருள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். முருங்கை விதை, புளியங்கொட்டைக் கரி, செங்கல் தூள், படிகாரம். மாணவியாக நான் செய்து திட்டு வாங்கிய அதே பிழைகளை இவர்களும் ஆண்டு தவறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டிலில் பெயர் எழுதுங்கள், கையுறை போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர்களுக்கு ஆய்வகத்தின் சாவியைக் கொடுக்கவே கூடாது.

முதலில் சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் அதிகம் பயன்படுவது ஸ்பாட்ன்ஸ் என்னும் அசோ சாயம். அமிலக் கரைசலில் இது சிர்கோனியம் என்னும் உலோகத்தோடு சேர்ந்து அடர்சிவப்பாக நிற்கும். இந்தக் கரைசலைத்தான் வினைபொருள் என்கிறோம். ஃபுளோரைடு உள்ள தண்ணீரைச் சேர்த்தால், சிர்கோனியம் சாயத்தை விட்டுவிட்டு ஃபுளோரைடோடு சேர்ந்து நிறமற்ற அணைவுச் சேர்மமாகிவிடும். சிவப்பு குறையும். 570 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கலரிமீட்டரில் பார்க்கிறோம். உறிஞ்சல் குறையக் குறைய ஃபுளோரைடு அதிகம் என்று பொருள். மற்ற நிறச் சோதனைகளுக்கு நேர் எதிர்த் திசை இது. இந்தத் தலைகீழ்ப் போக்கை மனதில் ஏற்றிக்கொள்ளாதவர்கள்தான் கீழே வரும் பள்ளங்களில் ஒவ்வொன்றாக விழுகிறார்கள்.

1.4-ஐத் தாண்டிப் படிப்பது

இந்த முறை லிட்டருக்கு 0 முதல் 1.4 மில்லிகிராம் வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல், ஃபுளோரைடு அளவு தெரிந்த கரைசல்களை வைத்து வரையும் அளவீட்டுக் கோடு வளைந்து படுத்துவிடும். நம் மாவட்டங்களின் நிலைமையோ வேறு. கிரானைட், நைஸ் பாறைகளிலுள்ள பயோட்டைட், ஹார்ன்பிளண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வரும் பூமி இது. இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 1.0, வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5. இங்கே அதைத் தாண்டும் கிணறுகள் ஏராளம். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே இந்தச் சிக்கலுக்காகத்தான்.

அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரை நீர்க்காமல் சோதித்துவிட்டு, கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டி ஒரு எண்ணைப் படிக்கிறார்கள். வருவது உண்மையைவிடக் குறைந்த எண். ஐந்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். அப்போதும் 1.4-ஐ நெருங்கினால் பத்து மடங்கு. கிடைத்த எண்ணை நீர்த்த மடங்கால் பெருக்க மறக்காதீர்கள். மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குளோரின்

இது எதிர்ப்பக்கம் இழுக்கும். குழாயில் வரும் தண்ணீரில் மீதமிருக்கும் குளோரின் சாயத்தை நேரடியாக வெளுத்துவிடும். ஃபுளோரைடு இல்லாத நல்ல தண்ணீரும் ஃபுளோரைடு உள்ளதாகத் தெரியும். ஒரு மாணவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "மேடம், ஆற்றுத் தண்ணீரிலும் ஃபுளோரைடு கலந்துவிட்டது" என்று தெரு முழுவதும் சொல்லி வைத்துவிட்டார். ஒரு சொட்டு சோடியம் ஆர்சனைட் கரைசல் சேர்த்து மறுபடி பார்த்தபோது எண் சரிந்து விழுந்தது. தெருவில் பரவிய பேச்சு மட்டும் விழவில்லை.

படிகாரம் போட்ட தண்ணீரை அப்படியே சோதிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மற்றவை ஆய்வேட்டைக் கெடுக்கும், அவ்வளவே. இது தண்ணீர் குடிப்பவரைக் கெடுக்கும்.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் படிய வைப்பது புதிய வித்தையல்ல. நாக்பூரிலுள்ள நீரி நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறை அது. அளவும் கலக்கலும் தெளியவிடும் நேரமும் சரியாக இருந்தால் பலன் கிடைக்கும். என் சண்டை முறையோடு இல்லை. அதன் பலனைச் சாயத்தை வைத்து அவசரமாக அளப்பதோடுதான்.

ஃபுளோரைடு சிர்கோனியத்தோடு சேருவது போலவே அலுமினியத்தோடும் இறுக்கமாகச் சேரும். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். தெளிந்த தண்ணீரில் கொஞ்சம் அலுமினியம் கரைந்த நிலையில் மிஞ்சினால், அது தண்ணீரிலுள்ள ஃபுளோரைடில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிர்கோனியத்துக்குக் கிடைக்க வேண்டிய ஃபுளோரைடு கிடைக்காது, சாயம் வெளுக்காது, கருவி "ஃபுளோரைடு போய்விட்டது" என்று காட்டும். உண்மையில் அது எங்கும் போகவில்லை. அதே டம்ளரில்தான் இருக்கிறது.

எவ்வளவு அலுமினியம் இருந்தால் இப்படி ஆகும்? கலந்த உடனே படித்தால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அலுமினியமே ஃபுளோரைடு அளவில் 0.1 குறைத்துக் காட்டப் போதும். குடிநீரில் அலுமினியத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.2. அதாவது சட்டப்படி குடிக்கத்தக்க தண்ணீரே இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். வாளியில் படிகாரத்தைக் கைக்கணக்கில் போட்டுக் கலக்கிய தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு மாணவி படிகாரமும் செங்கல் தூளும் கலந்த ஒரு கலவையைக் கொண்டுவந்தார். 4 மில்லிகிராம் இருந்த தண்ணீர் 0.3 ஆகிவிட்டதாம். முகமெல்லாம் மகிழ்ச்சி. அந்தச் சோதனைக் குழாயை மாலை வரை மேசையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் சிவப்பு இளைத்திருந்தது. மாலையில் இன்னும் இளைத்திருந்தது. பக்கத்திலேயே வைத்திருந்த, ஃபுளோரைடு அளவு தெரிந்த திட்டக் கரைசல்களின் நிறத்தில் மாற்றமே இல்லை. அலுமினியம் பிடித்து வைத்திருந்த ஃபுளோரைடை வினைபொருளின் அமிலம் மெல்ல மெல்ல விடுவித்துக்கொண்டிருந்தது. உடனே படித்தால் 0.1 மில்லிகிராம் அலுமினியத்தையே தாங்காத இந்த முறை, இரண்டு மணி நேரம் கழித்துப் படித்தால் 3 மில்லிகிராம் வரையும், நான்கு மணி நேரம் கழித்துப் படித்தால் 30 மில்லிகிராம் வரையும் தாங்கும். மாணவியின் கோபம் முதலில் என் மீது, பிறகு சாயத்தின் மீது, கடைசியாகப் படிகாரத்தின் மீது திரும்பியது. ஆய்வேட்டை மாற்றி எழுதினார். நல்ல ஆய்வேடு.

கல்லூரியில் நடந்தால் திருத்திவிடலாம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் ஒருவர் பொட்டலத் தூள் விற்க வந்தார். தூளைக் கலக்கி, தெளிந்த நீரில் சாயச் சொட்டு விட்டு, "பாருங்கள் அம்மா, சிவப்பு மாறவே இல்லை" என்று காட்டினார். பல்லெல்லாம் பழுப்புக் கோடு விழுந்த பெண்கள் பணத்தை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தூளில் படிகாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். அந்தச் சோதனைக் குழாயை மட்டும் மாலை வரை இங்கே விட்டுச் செல்லுங்கள் என்றேன். அடுத்த ஊருக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு வந்துவிட்டது.

இதிலிருந்து தப்பிக்க வழிகள் உண்டு. தெளிந்த நீரை நன்றாக வடிகட்டுங்கள். மிதக்கும் படிகாரத் துகள் அமிலத்தில் கரைந்து கணக்கை மேலும் குழப்பும். கலந்தவுடன் ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, நான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை படியுங்கள். திட்டக் கரைசல்களையும் அதே நேரங்களில் படியுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அலுமினியம் இருக்கிறது.

இன்னொன்று, தெரிந்த அளவு ஃபுளோரைடைச் சேர்த்துப் பார்ப்பது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள கரைசலில் கால் மில்லிலிட்டர் எடுத்து 50 மில்லிலிட்டர் மாதிரியில் விட்டால் 0.5 கூட வேண்டும். 0.2-தான் கூடினால் மீதியை யாரோ விழுங்கியிருக்கிறார்கள். அந்த ஆய்வு முடிவை வெளியே காட்டாதீர்கள். வசதி இருந்தால் கந்தக அமிலத்தோடு வாலை வடித்து, வடிந்த நீரைச் சோதியுங்கள். அலுமினியம் குடுவையிலேயே தங்கிவிடும். சாயமில்லாமல் ஃபுளோரைடை நேரடியாக உணரும் அயனித் தேர்வு மின்முனை இருக்கும் ஆய்வகத்தில் அதற்குரிய தாங்கல் கரைசலோடு அளக்கலாம். அலுமினியம் பிடித்திருக்கும் ஃபுளோரைடைப் பெருமளவு விடுவிக்கும் பொருள் அந்தக் கரைசலிலேயே இருக்கிறது.

விதைத்தூள் விடும் நிறம்

மேலே சொன்னதன் தம்பி இது. புளியங்கொட்டை, பட்டை, இலை எதைப் போட்டாலும் தண்ணீர் கொஞ்சம் தேநீர் நிறத்துக்கு மாறும். அந்த நிறமும் கலங்கலும் தாமே ஒளியை உறிஞ்சும். உறிஞ்சல் கூடினால் ஃபுளோரைடு குறைவு என்பதுதானே நம் கணக்கு? ஆக, அழுக்குத் தண்ணீர் சுத்தமான தண்ணீராகத் தேறிவிடுகிறது.

காய்ச்சி வடித்த நீரில் அதே தூளை அதே நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். அந்த வடிநீரில் தெரிந்த அளவு ஃபுளோரைடைச் சேர்த்துச் சோதியுங்கள். சேர்த்த அளவு திரும்பக் கிடைக்காவிட்டால் உங்கள் நீக்கும் விழுக்காட்டில் தூளின் நிறமும் பங்கு வாங்கியிருக்கிறது. எலும்புக்கரி வைத்து ஆய்வு செய்பவர்கள் மட்டும் வேறு பக்கம் பார்க்க வேண்டும். அதிலிருந்து வரும் பாஸ்பேட் ஃபுளோரைடைக் கூட்டிக் காட்டும். நல்ல பொருளை உதவாது என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

காரத்தைக் கண்டு பயப்படுவது

நம் கிணற்று நீரில் காரத்தன்மை அதிகம் என்று கந்தக அமிலம் ஊற்றி நடுநிலையாக்குகிறார்கள். தேவையே இல்லை. வினைபொருளிலேயே போதுமான அமிலம் இருக்கிறது. லிட்டருக்கு 5000 மில்லிகிராம் காரத்தன்மைதான் 0.1 பிழை தரும். ஆனால் 200 மில்லிகிராம் சல்பேட்டே அதே அளவு பிழை தந்துவிடும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து நோயை உண்டாக்குவது இது.

வினைபொருளைக் குத்துமதிப்பாக ஊற்றுவது

50 மில்லிலிட்டர் மாதிரிக்குச் சரியாக 10 மில்லிலிட்டர். அளவு உருளையில் வேண்டாம், பிப்பெட்டில் எடுங்கள். இந்தச் சோதனையில் நிறம் முழுவதும் வினைபொருளிலிருந்துதான் வருகிறது. கொஞ்சம் கூடினால்கூட அந்தக் கூடுதல் சிவப்பு "ஃபுளோரைடு குறைவு" என்றே படிக்கப்படும்.

வெப்பநிலை

திட்டக் கரைசல் குளிர்பெட்டியிலிருந்து, மாதிரி ஏப்ரல் வெயிலில் வந்த பையிலிருந்து. இரண்டையும் ஒரே வெப்பநிலைக்கு வரவிட்டுப் பிறகு படியுங்கள்.

பாட்டில்

பாலித்தீன். கண்ணாடி வேண்டாம்.

ஆர்சனைட்

நஞ்சு. பூட்டி வையுங்கள். குளோரின் இல்லாத போர்வெல் தண்ணீரில் அதைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. சோதனை முடிந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்றாமல் தனி டப்பாவில் சேர்த்து, ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.