ஆர்க்டிக் ஆய்வு மாநாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

1979-லிருந்து பார்த்தால், ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. இதை ஒருவர் கடல்பனியில் அளக்கிறார், ஒருவர் காற்றில், இன்னொருவர் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணில். இவர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பேசுவது மாநாடுகளில்தான். அதனால் துருவ ஆய்வில் சேரும் மாணவர்கள் சீக்கிரமே ஒன்றுக்காவது போய்வர வேண்டும் என்பேன்.

1. கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கூட்டமும் ஒன்றல்ல. நார்வேயின் ட்ரொம்ஸோ நகரில் குளிர்காலத்தில் நடக்கும் 'ஆர்க்டிக் ஃபிரான்டியர்ஸ்', ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் 2013-லிருந்து அக்டோபரில் கூடும் 'ஆர்க்டிக் சர்க்கிள்' இரண்டிலும் அமைச்சர்கள், தொழில்துறையினர், விஞ்ஞானிகள் கலந்திருப்பார்கள். ஆய்வு முடிவோடு போகிறவருக்கு நான் சொல்வது 'ஆர்க்டிக் அறிவியல் உச்சிமாநாட்டு வாரம்'. இது ஆண்டுதோறும் ஊர் மாறும்: 2024-இல் எடின்பரோ, 2025-இல் அமெரிக்காவின் போல்டர். குழுக் கூட்டங்களும் ஆய்வரங்குகளும் ஒரே வாரத்தில் நடப்பதால், கட்டுரைகளில் பெயராக மட்டுமே பார்த்தவர்களை நேரில் பார்க்கலாம்.

2. ஏபெக்ஸில் சேருங்கள்

2007-08 சர்வதேச துருவ ஆண்டையொட்டி உருவான இளம் துருவ ஆய்வாளர்கள் சங்கம் இது. உறுப்பினராகக் கட்டணம் கிடையாது. பயண உதவித்தொகை அறிவிப்புகள் இதன்மூலம் கண்ணில் படும்.

3. ஆய்வுச் சுருக்கம்

மாநாட்டில் இடம் கேட்டு முன்கூட்டியே அனுப்பும் சிறு குறிப்பு இது. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். "ஆர்க்டிக் வெப்பமயமாதலின் தாக்கங்கள்" என்று தலைப்பு வைத்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஓர் இடம், ஒரு காலம், ஒரு கேள்வி போதும். உதாரணமாக, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், கொங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்நீர்ப் பகுதி) 2014-இல் இந்தியா 192 மீட்டர் ஆழத்தில் 'இண்டார்க்' என்ற கருவித்தொகுதியை இறக்கியது. அந்தத் தரவை வைத்து எழுதுபவர், "அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் இந்த ஃபியோர்டுக்குள் எந்த மாதத்தில் நுழைகிறது?" என்று தொடங்கலாம். முதல் வரியில் கேள்வி, கடைசி வரிக்கு முன்பே விடை. விடை இன்னும் கிடைக்கவில்லையென்றால் இதுவரை அளந்ததை எழுதுங்கள், அளக்காததை எழுதாதீர்கள். அனுப்பும் முன் கைடு ஒருமுறை பார்க்கட்டும்.

4. விசா, துணிமணி

நார்வே, ஐஸ்லாந்து போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அழைப்புக் கடிதம் கைக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ட்ரொம்ஸோவில் சூரியனே எழாத துருவ இரவு ஜனவரி நடுவில்தான் முடிகிறது. குளிரைவிட நடைபாதையில் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும் பனிதான் ஆளைக் கவிழ்க்கும். காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வை விளக்கி அரங்கில் மாட்டும் போஸ்டரைத் துணியில் அச்சடித்தால் மடித்துப் பையில் வைத்துவிடலாம்.

5. போஸ்டர் பக்கத்தில் நில்லுங்கள்

முதல்முறை போகிறவருக்கு மேடைப் பேச்சைவிட போஸ்டரே நல்லது. மேடையில் கேள்விக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். போஸ்டர் முன்னால் ஒருவர் அரைமணி நேரம் நின்று உங்கள் வரைபடத்தில் விரல் வைத்து, "இந்தச் சரிவு கருவிக் கோளாறா, உண்மையா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அரை நிமிடத்தில் உங்கள் ஆய்வைச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். பேசியவர் பெயரையும் அவர் சொன்னதையும் அங்கேயே நோட்டில் குறித்துவிடுங்கள்.

6. அந்த மண்ணின் மக்கள் பேசும் அரங்குக்கு ஒருநாள் போங்கள்

பலர் தவறவிடுவது இதைத்தான். ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலிலேயே சாமி (Sámi), இனுயிட் உள்ளிட்ட பழங்குடியினரின் ஆறு அமைப்புகள் நிரந்தரப் பங்கேற்பாளர்கள். குளிர்காலத்தில் மழை பெய்து பனிமேல் உறைந்துவிட்டால், பனிமான் குளம்பால் எவ்வளவு தோண்டினாலும் அடியில் இருக்கும் லைக்கன் என்ற பாசிபோன்ற தீனி அதன் வாய்க்கு எட்டாது. நம் தரவில் அது வெறும் ஒரு நாள் வெப்ப உயர்வு. மந்தை மேய்ப்பவருக்கு அந்த வருடத்துப் பிழைப்பே அதுதான். அவர் எந்தத் தேதியைச் சொல்கிறாரோ அதைக் குறித்துவந்து, ஊர் திரும்பியதும் உங்கள் வரைபடத்தில் அந்த நாளைத் தேடிப் பாருங்கள்.