ஈஸ்ட் செத்துப்போச்சா, சும்மா நிற்கிறதா? வீட்டிலேயே பார்த்துச் சொல்ல ஒரு வழி

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். ஈஸ்ட் செய்முறை வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: "மிஸ், பொங்கலை. செத்துப்போச்சு." பல நேரம் அது சாகவில்லை. உப்போ சூடோ ஏறியதை உணர்ந்து, வளர்வதை நிறுத்திவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இருக்கும். நின்றது எது, செத்தது எது என்று பிரித்துக் காட்டும் இரண்டு சோதனைகள் இவை. நுண்ணோக்கி வேண்டாம்.

உலர் ஈஸ்ட், சீனி, தூள் உப்பு, ஒரே அளவிலான அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், பலூன்கள், சமையலுக்கான தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தொடாதீர்கள். 42 டிகிரியோடு அதன் கதை முடிந்துவிடும், நமக்கு 50 வரை வேண்டும். ஈஸ்ட்டை பிரிட்ஜில் வைத்து விற்கிற கடையில் வாங்குங்கள். வெயில் படும் அலமாரியில் மாசக்கணக்கில் கிடந்த பாக்கெட்டை வைத்துச் சோதனை செய்வது வீண்.

முதலில் ஈஸ்ட்டை 35 முதல் 40 டிகிரித் தண்ணீரில் ஊறவையுங்கள். பிரிட்ஜ் தண்ணீர் கூடவே கூடாது. காய்ந்துபோன செல்லின் சவ்வு குளிர்ந்த நீரில் சட்டென்று ஒழுங்குக்கு வராது, அதற்குள் உள்ளே இருக்கும் சரக்கெல்லாம் கசிந்துவிடும். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில் வரும். இருந்தாலும் அளந்துவிட்டே ஊற்றுங்கள்.

இப்போது உப்புச் சோதனை. நான்கு பாட்டில்களிலும் 200 மில்லி தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சீனி, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். முதலாவதில் உப்பு இல்லை. இரண்டாவதில் 7 கிராம், ஏறக்குறைய உவரிக் கடல் தண்ணீரின் உப்பு. மூன்றாவதில் 30 கிராம். நான்காவதில் போடும் ஈஸ்ட்டை மட்டும் தனியாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். உண்மையிலேயே செத்தது எப்படி இருக்கும் என்று காட்ட ஒன்று வேண்டாமா? பாட்டில் வாயில் பலூனை மாட்டுங்கள்; ஈஸ்ட் சீனியைத் தின்று விடும் வாயுதான் பலூனை ஊதும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நூலால் பலூனின் சுற்றளவை அளந்து எழுதுங்கள்.

முதல் பலூன் சீக்கிரமே நிமிரும். இரண்டாவது தயங்கி, அப்புறம் ஏறும். அந்தத் தயக்கத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வெளியே உப்பு கூடியதும் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது, செல் சுருங்குகிறது. சவ்வில் எஸ்எல்என்1 என்றொரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்வரை அது ஓயாமல் வேலை செய்து, உள்ளே இருக்கும் ஹாக்1 என்ற நொதியை அடக்கிவைக்கிறது. செல் சுருங்கினால் எஸ்எல்என்1 ஓய்ந்துவிடும், ஹாக்1-க்குக் கட்டு அவிழும். சில நிமிஷங்களில் ஹாக்1 உட்கருவுக்குள் போய், கிளிசரால் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். கிளிசரால் வெளியேறும் வாசலும் மூடிக்கொள்ளும். உள்ளே கிளிசரால் சேரச் சேர தண்ணீர் திரும்ப வருகிறது, செல் பழைய உருவத்துக்கு வந்து வேலையைத் தொடர்கிறது. ஹாக்1-இன் இந்த வேலை 1993-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

மூன்றாவதும் நான்காவதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பலூன் தொங்கும். இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டிலிருந்தும் 50 மில்லி எடுத்து, புதுப் பாட்டில்களில் 350 மில்லி சீனித் தண்ணீரோடு தனித்தனியாகக் கலந்து பலூன் மாட்டுங்கள். மூன்றாவதின் உப்பு 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். ஈஸ்ட் குறைவாக இருப்பதால் நேரம் எடுக்கும், ராத்திரி முழுக்கக்கூட விடலாம். மூன்றாவதிலிருந்து எடுத்தது நுரைத்தால் அது நின்றுதான் இருந்தது.

(திசையன்விளைப் பக்கம் பனையேறுகிறவர்கள் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதும் இதே கணக்குதான். ஈஸ்ட் புளிப்பில் சுகமாக வாழும். சுண்ணாம்பின் காரத்தில் உணவை உள்ளே இழுக்கவே திணறும். பதனீர் பதனீராகவே இறங்கும்.)

அடுத்தது சூடு. இதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்த கையோடு செய்யக்கூடாது. உலர் ஈஸ்ட்டில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை நிறைய இருக்கிறது, காய்ந்துபோவதையும் சூட்டையும் தாங்கவைப்பது அதுதான். சீனித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் விட்டால் அதைக் கரைத்துவிட்டு வளர ஆரம்பிக்கும், சூட்டைத் தாங்கும் வலு குறையும். அப்போதுதான் சோதனைக்கு அர்த்தம்.

அந்தக் கரைசலை இரண்டு டம்ளரில் பிரியுங்கள். ஒன்று 28, 30 டிகிரியில் இருக்கட்டும். மற்றதை 37 டிகிரித் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் 50 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து, ஆற்றி, ஒரே அளவு சீனி போட்டு பாட்டிலில் ஊற்றிப் பலூன் மாட்டுங்கள். மே மாத மதியத்தில் நம்மூரில் இதைச் செய்யவேண்டாம். அறையே 37-ஐத் தொட்டுவிடுவதால் இரண்டு டம்ளருமே பழகிவிடும். மார்கழிதான் தோது.

முன்பே சூடு கண்டது முந்திக்கொள்ளும். 37 டிகிரியில் இருந்தபோதே எச்எஸ்எஃப்1 என்ற புரதம் பாதுகாப்புப் புரதங்களைக் கூட்டியிருக்கும். அவற்றில் எச்எஸ்பி104 எனக்குப் பிடித்தது: சூட்டில் திரண்டு கட்டியாகிப்போன புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும். ட்ரெஹலோஸும் மறுபடி சேர்ந்திருக்கும்.

உப்புக்கும் சூட்டுக்கும் தனித்தனி ஏற்பாடு இருந்தாலும் பொதுவான ஒன்றும் உண்டு. எம்எஸ்என்2, எம்எஸ்என்4 என்ற இரண்டு புரதங்கள் எந்த நெருக்கடி வந்தாலும் உட்கருவுக்குள் ஓடும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, ஈஸ்ட்டின் சுமார் 6000 மரபணுக்களில் ஏறத்தாழ 900 எந்த நெருக்கடிக்கும் ஒரேமாதிரி மாறுவதைக் காட்டியது. சுமார் 300 கூடின, 600 குறைந்தன. குறைந்தவற்றில் பெரும்பகுதி வளர்ச்சிக்கும், புரதம் தயாரிக்கும் ரைபோசோமைக் கட்டுவதற்கும் உரியவை. பலூன் நிமிராமல் நிற்கும்போது, செல்லுக்குள் இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும். பட்டினி போட்டால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. ஈஸ்ட் தன் பாகங்களையே செரித்துச் சமாளிக்கும். அதன் வழிமுறையைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது.

ரெக்கார்டு நோட்டில் "ஈஸ்ட் இறந்தது" என்று எழுதுமுன், அதைச் சுத்தமான சீனித் தண்ணீரில் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பேன். பார்க்காவிட்டால் "நுரை வரவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். பாட்டில்களைக் கழுவும்வரை மூடி போட்டு இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து தெறிக்கும்.