டக்ட்டைக் கழுவுவதற்கு முன்னால் ஈரத்தைப் பிடியுங்கள்: ஹூஸ்டன் கோடைக்கு ஒரு செய்முறை

போன கோடையில் ஊருக்குப் போய்விட்டு ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், மழைக்காலத்தில் காயாத துணி மாதிரி ஒரு வாடை. கரண்ட் மிச்சமாகட்டும் என்று ஏசியை அடியோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். படுக்கையறைக் கூரையில் குளிர்காற்று வரும் துளையான வென்ட்டைச் சுற்றி மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். பார்க்க வந்த ஆள் கூரைக்கு மேலிருக்கும் பரணான அட்டிக்கில் ஏறக்கூட இல்லை, ஏசிக் காற்றைக் கொண்டுபோகும் குழாயான டக்ட் முழுவதையும் சுத்தம் செய்தால்தான் சரியாகும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார். நான் கொடுக்கவில்லை. ஹூஸ்டனைச் சுற்றிப் பேர்லண்ட், கேட்டி, சுகர்லேண்ட் பக்கம் முதல் வீடு வாங்கிய நம்மவர்கள் பலர் இந்தப் புள்ளிகளைத் தூசி என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தூசி அங்கே வந்து ஒட்டியது உண்மை, ஆனால் ஒட்ட வைத்தது ஈரம்.

எப்படி என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் மற்றதெல்லாம் சுலபம். மெக்ஸிகோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் காற்றில் கோடை முழுக்க டியூ பாயின்ட், அதாவது காற்றின் ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 75 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியே இருக்கும். அந்தக் காற்று 75க்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் தண்ணீர் துளிர்க்கும். நம் டக்ட்டுக்குள் ஓடும் காற்று சுமார் 55 டிகிரி, அந்த டக்ட் கிடப்பதோ மதியத்தில் 120, 130 வரை போகிற அட்டிக்கில். குளிர்ந்த மோர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. டம்ளரையாவது துடைத்துவிடலாம். டக்ட்டைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பஞ்சு அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். பிள்ளைகளுக்குக் காலையில் அடுக்குத் தும்மல் வருகிறது என்றால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகப்படுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் இரண்டு வாங்குங்கள், பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 71 காட்டினால் அது எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் 60க்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. என் வீட்டில் அன்றைக்கு 67.

அடுத்தது தெர்மோஸ்டாட். ஃபேன் 'ஆன்' என்று இருந்தால் 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். ஏசி ஓடும்போது காற்றைக் குளிர்விக்கும் காயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும், கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஈரமெல்லாம் திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும். பிசுபிசுக்கிறது என்று 70க்கு இறக்கவும் வேண்டாம். வென்ட்டும் சுவரும் இன்னும் குளிர்ந்து இன்னும் வியர்க்கும்.

ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில் மாதம் ஒருமுறை ஒரு கப் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள், உள்ளே பாசி பிடித்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கும். பல வீடுகளில் ஜன்னலுக்கு மேலே ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் முதல் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே கவனியுங்கள். ஃபில்டர் ஒரு அங்குலக் கனம் என்றால் கோடையில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்போது முக்கியமான வேலை, கசிவு தேடுவது. ஏசி ஓடும்போது ஃபில்டர் கதவின் ஓரமாக ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே இடைவெளி இருக்கிறது. பிறகு வென்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தகரப் பெட்டி, அதைச் சுற்றிக் கூரைப் பலகையில் வெட்டிய ஓட்டை, இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. அட்டிக்கின் ஈரக் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் இறங்கி, குளிர்ந்த மூடியில் பட்டு வியர்க்கிறது. என் வீட்டுக் கறுப்புப் புள்ளிகளுக்கு இதுதான் காரணம். அங்கே காக் என்ற இடுக்கு அடைக்கும் பசை வைத்து அடையுங்கள், பெரிய சந்தாக இருந்தால் மாஸ்டிக் என்ற கெட்டியான டக்ட் பசை பூசுங்கள்.

அட்டிக்குக்கு விடியற்காலையில் ஏறுங்கள், மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், மரச்சட்டத்தின்மேல் மட்டும் கால் வையுங்கள், இல்லையென்றால் கால் கூரையைக் கிழித்துக்கொண்டு கீழே போய்விடும். ஊதுபத்தியை மேலே கொண்டுபோகாதீர்கள். கையை நனைத்து ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துப் பார்த்தால் கசிகிற இடத்தில் சில்லென்று தெரியும். எனக்கு ஒரு இணைப்பு பாதி கழன்றே கிடந்தது. குளிர்ந்த காற்று இப்படி அட்டிக்குக்குப் போய்விட்டால், அதே அளவு வெளிக்காற்று கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் நுழையும். கரண்ட் போவது ஒரு பக்கம், ஈரமும் சேர்ந்து வருகிறது. ஒட்டுவதற்குத் துணி டேப் வேண்டாம். 1998லேயே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சோதித்துக் காட்டிவிட்டது, டக்ட் டேப் என்ற பெயரில் விற்கும் அந்தத் துணி டேப்தான் டக்ட்டில் நிற்பதில்லை. டக்ட்டுக்கான தரக்குறியீடான யூஎல் 181 என்று அச்சிட்ட ஃபாயில் டேப், அல்லது மாஸ்டிக் போதும். வெளியே இருக்கும் வெள்ளி உறை கிழிந்து உள்ளே பஞ்சு நனைந்திருந்தால் அந்தத் துண்டையே மாற்றச் சொல்லுங்கள், நனைந்து பூஞ்சை பிடித்த பஞ்சைச் சுத்தம் செய்ய முடியாது.

வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரமும் கொஞ்சநஞ்சமில்லை. இட்லி அவிக்கும்போது அடுப்பு ஃபேனைப் போடுங்கள், ஆனால் அது காற்றை வெளியே தள்ளுகிறதா, இல்லை சுற்றி முகத்திலேயே விடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளித்த பிறகு இருபது நிமிடம் பாத்ரூம் ஃபேன் ஓடட்டும். அதன் குழாய் அட்டிக்கிலேயே முடிந்திருந்தால் வெளியே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

அப்படியானால் டக்ட் கிளீனிங்கே தேவையில்லையா? கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை, எலி, பூச்சி, காற்றே வராத அளவு அடைப்பு இருந்தால் தேவை. வருடா வருடம் செய்ய வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்லவில்லை. ஈரத்தை நிறுத்தாமல் கழுவினால் அடுத்த கோடையில் புள்ளிகள் திரும்பி வரும். டெக்ஸாஸில் பூஞ்சை ஒரே தொடர்ச்சியாக 25 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக உரிமம் பெற்றவர்கள்தான் அகற்ற வேண்டும், அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

சந்துகளை அடைத்து, கழன்ற இணைப்பை மாட்டி மாஸ்டிக் பூசிய பத்து நாளில் என் மீட்டர் 53க்கு வந்தது, புள்ளிகளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன், திரும்ப வரவில்லை. இந்த முறை ஊருக்குப் போகும்போது ஏசியை நிறுத்தவில்லை, 80ல் வைத்து, குழாயில் வினிகர் ஊற்றி, புது ஃபில்டர் போட்டு, சாவியைப் பக்கத்து வீட்டு அண்ணியிடம் கொடுத்து வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.