மரியாதைக்கு எஞ்சினைக் குறைக்காதேங்கோ: போட் அலையில நாங்கள் விடுற பிழையள்

போன வருசம் சோளகம், அதுதான் தென்மேல் பருவக்காத்து, தொடங்க முந்தி ஒருநாள் விடிய, யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கம் மாமாவோட நண்டு வலை இழுக்கப் போனன். இழுத்தது மாமா, நான் தேத்தண்ணிப் பிளாஸ்க்கைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருந்தன், அதுதான் உண்மை. தண்ணி எண்ணெய் ஊத்தி விட்ட மாதிரிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து சுற்றுலா ஆக்களை ஏத்திக்கொண்டு ஒரு பெரிய ஃபைபர் போட் முழு ஸ்பீடில வந்தது. எங்களைக் கண்டோண்ணை ஓட்டி, பாவம் நல்ல மனுசன், கையைக் காட்டிப்போட்டு எஞ்சினைப் பாதியாக் குறைச்சார். குறைச்சதுதான் தாமதம், போட்டின்ர முன்பக்கம், அதுதான் அணியம், மேல எழும்பி, பின்பக்கம் தண்ணிக்குள்ள குந்தி, பின்னால வயல் வரம்பு மாதிரி ஒரு அலை கிளம்பிச்சு. அது வந்து அடிக்க எங்கட வள்ளம் ஒருபக்கம் சரிஞ்சு, பிளாஸ்க் கடலுக்குள்ள போய், கழட்டிப் போட்ட நண்டெல்லாம் என்ர காலுக்குள்ள ஓடித் திரியுது. "உவன் குறைக்காமலே போயிருக்கலாம்" எண்டார் மாமா. கோவத்தில சொல்லுறார் எண்டுதான் நினைச்சன், பேந்து வாசிச்சுப் பார்த்தால் மனுசன் சொன்னது முழுக்க ஃபிசிக்ஸ்.

முதலாவது பெரிய பிழை இதுதான், ஸ்பீட் குறைஞ்சால் அலையும் குறையும் எண்டு நினைக்கிறது. ஒரு போட் மூண்டு விதமா ஓடும். மெதுவாப் போகேக்க தண்ணியைப் பிளந்துகொண்டு மட்டமாப் போகும், அலை சின்னன். நல்ல வேகம் எடுத்தால் தண்ணிக்கு மேல எழும்பி வழுக்கிக்கொண்டு போகும், அப்பவும் அலை பெருசா வராது, ஏனெண்டால் போட் தண்ணியைத் தள்ளுறது குறைவு. இந்த ரெண்டுக்கும் நடுவில ஒரு இடம் இருக்கு, போட் தான் கிளப்பின அலையிலயே ஏறமுடியாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுதுகொண்டு போற இடம், அங்கதான் அலை ஆகப் பெருசு. அது எங்க தொடங்கும் எண்டதுக்கு ஒரு கணக்கும் இருக்கு. தண்ணியில கிடக்கிற நீளத்தை அடியில எடுத்து, அதின்ர வர்க்கமூலத்தை 1.34 ஆல பெருக்கினால் வேகம் நொட்டில வரும். 24 அடிப் போட் எண்டால் ஆறரை நொட், மணிக்கு 12 கிலோமீற்றர் மாதிரி. அதுக்கு மேல, வழுக்கத் தொடங்கும் வரைக்கும் உள்ள வேகம் எல்லாம் பக்கத்தில நிக்கிறவனுக்கு வில்லங்கம். எங்கட ஓட்டி மரியாதைக்குக் குறைச்சு நேரா அந்தக் குழிக்குள்ள வந்து விழுந்திட்டார். ஒண்டில் கன தூரத்திலயே குறைச்சு போட் தண்ணியில மட்டமா இறங்கி இருந்தாப் பிறகு மெதுவா வரவேணும், இல்லாட்டி அதே ஸ்பீடில நல்லா விலத்திப் போகவேணும். ரெண்டுங்கெட்டான் வேகம்தான் கூடாது.

இதோட ஒட்டினது, ஆக்களை எல்லாம் பின்பக்கம் இருத்துறது. பின்பக்கம் பாரம் கூடினால் அது இன்னும் தாழ்ந்து அலையும் கூடும். நயினாதீவுத் திருவிழா நேரம் குறிகட்டுவானில நிண்டு பாருங்கோ, அதே போட்தான், ஆனால் ஆக்கள் நிறைய ஏறினோண்ணை விடுற அலை வேற.

ரெண்டாவது பிழை வெளிநாட்டு ரூல்ஸில ஒரு இலக்கத்தை மட்டும் கொத்திக்கொண்டு வந்து இஞ்ச நடுறது. ரொறன்ரோவில இருக்கிற என்ர மச்சான் ஒவ்வொரு சமரும் கொட்டேஜ் எடுத்துத் தங்கிறவர், போனில கதைச்சால் "அங்கயும் 10 கிலோமீற்றர் எண்டு போர்டைப் போட்டால் முடிஞ்சுது அலுவல்" எண்டுவார். ஒன்ராறியோவில அப்பிடி ஒண்டு இருக்கிறது உண்மைதான், கரையில இருந்து 30 மீற்றருக்குள்ள மணிக்கு 10 கிலோமீற்றர். ஆனால் அவற்ற லேக்கிலயே இப்ப சண்டை என்னெண்டால், அலையில சறுக்கி விளையாடுறதுக்கெண்டே செய்த வேக் போட் எண்டு ஒண்டு, உள்ளுக்குத் தாங்கி வைச்சு தண்ணி நிரப்பி வேணுமெண்டே பாரமாக்கி, 16 இல இருந்து 19 கிலோமீற்றர் வரையான வேகத்தில ஓட்டுகினம். அதாவது நான் மேல சொன்ன அந்தக் கூடாத இடத்திலதான் அது முழுநேரமும் நிக்கும், அதுதான் அதின்ர வேலையே. 31 ஆவது மீற்றரில அது ஓடினால் ஸ்பீட் ரூல் உடையேல்லை, ஆனால் அலைக்கு 30 மீற்றர் எண்டால் என்ன தெரியும், அது கரை வரைக்கும் வந்துதான் நிக்கும். இங்கிலாந்தில வின்டர்மியர் லேக்கில 2005 மார்ச் 29 இல மணிக்கு 10 மைல் எண்டு லிமிட் கொண்டுவந்தினம், 16 கிலோமீற்றர். வேகமா இழுத்துக்கொண்டு ஓடுற தண்ணிச் சறுக்கலை அது நிப்பாட்டிச்சு, சரி. ஆனால் வேக் போட் வேலை தொடங்குறதே அந்த 16 இலதான், அப்ப ஸ்பீட் லிமிட் மட்டும் இருந்து என்ன செய்யிறது.

அதாலதான் இப்ப அமெரிக்காவில ஆக்கள் தூரமும் ஆழமும் பார்க்கத் தொடங்கியிருக்கினம். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின்ர சென்ற் அந்தனி ஃபோல்ஸ் ஆய்வுகூடம் 2022 இல அளந்து சொன்னது, சாதாரண போட்டின்ர அலை 200 அடியில எந்தளவுக்கு இறங்குமோ அந்தளவுக்கு இறங்க வேக் போட்டின்ர அலைக்கு 500 அடிக்கு மேல வேணும் எண்டு. வெர்மொண்ட் மாநிலம் 2024 இல ரூல் கொண்டுவந்தது, கரையில இருந்து 500 அடி, ஆழம் 20 அடி, அப்பிடிப்பட்ட தண்ணி ஒரே துண்டா 50 ஏக்கராவது இருக்கவேணும், இல்லாட்டி அந்த லேக்கில அந்த விளையாட்டே இல்லை. இதையும் அப்பிடியே கொண்டுவந்து எங்கட பண்ணைக் கடலில நடச் சொல்லேல்லை. எங்கட பரவைக்கடலில கனக்க இடத்தில இறங்கி நிண்டால் இடுப்பளவு தண்ணி, 20 அடி எண்டால் மூண்டு பாகத்துக்கும் (ஒரு பாகம் ஆறு அடி) மேல, அதை எங்க போய்த் தேடுறது.

ஆழம் ஏன் முக்கியம் எண்டதை விளங்காமல் விடுறதையும் ஒரு பிழையாச் சேர்க்கலாம். ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா வாற அலையின்ர நீளம் ஆறு மீற்றர் மாதிரி, அதின்ர பாதி ஆழத்துக்கு, மூண்டு மீற்றர் வரைக்கும், அந்த ஆட்டம் கீழ போகும். ஒரு மீற்றர் தண்ணியில அது நேர அடியைப் போய் உழக்கும். அதுக்கு மேல புரொப்பெல்லர் வேற, மூக்குத் தூக்கின போட்டில அது தண்ணியைக் கீழ்நோக்கி அடிக்கும். லேக்கில எண்டால் அடியில கிடக்கிற பொஸ்பரஸ் கலங்கி மேல வந்து பாசி பிடிக்கும். இஞ்ச எண்டால் சேறு கிளம்பி சாதாளையை, அதுதான் கடற்புல்லை, மூடும், புரொப்பெல்லர் வெட்டின இடத்தில சாதாளை திரும்ப வர வருசக்கணக்கெடுக்கும், நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் கிடக்கிறது அதுக்குள்ளதான்.

இதைச் சொன்னால் உடன ஒரு கேள்வி வரும், "சோளகத்தில வராத அலையோ?" எண்டு. கேக்க நியாயமாத்தான் இருக்கும், நானும் ஒருகாலம் அப்பிடிக் கேட்டனான். சோளகம் எந்தப் பக்கத்தால எப்ப வரும் எண்டு கரைக்கும் தெரியும் மாமாவுக்கும் தெரியும், வள்ளத்தை எங்க கட்டுறது, வலையை எந்தப் பாட்டுக்கு விடுறது எல்லாம் அதைப் பார்த்துத்தான். காத்தே படாத ஒதுக்கில, கண்டல் மரத்துக்குப் பின்னால, காத்தில்லாத நாளில வாற போட் அலைக்கு அங்க ஒருத்தரும் ஆயத்தமா இல்லை. அதோட உயரம் ரெண்டு மடங்கெண்டால் அடி ரெண்டு மடங்கில்லை, அலையின்ர சக்தி நாலு மடங்கு. 20 சென்ரிமீற்றர் அலையும் 40 சென்ரிமீற்றர் அலையும் பார்க்கப் பெரிய வித்தியாசம் தெரியாது, மீன் பிடிக்க நட்ட களங்கட்டித் தடிக்குத் தெரியும்.

அடுத்தது, "பெரிய போட்டைத் தடை செய்" எண்டு பொதுவா ஒரு கோசம் போடுறது. அளவு மட்டும் இல்லைப் பிரச்சினை. மெதுவாப் போற நீளமான போட்டை விட பாரம் ஏத்தின 23 அடி வேக் போட் கூட அலை விடும். நீளத்தையும் குதிரை வலுவையும் மட்டும் வைச்சு எழுதினால் முதல்ல அம்பிடுறது நெடுந்தீவுக்குப் போற படகுதான், அது ஆசுப்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆக்கள் போறது, பொழுதுபோக்குக்கு ஓடுறதையும் அதையும் ஒரே வரியில எழுதுறது சரியான அநியாயம். என்னைக் கேட்டால் படகுக்கு ஒரு பாதையைக் குறிச்சுக் குடுத்திட்டு, சுற்றுலாப் போட்டுக்குத்தான் இறுக்கிப் பிடிக்கவேணும்.

போர்ட் எழுதுற பிழை வேற. "மெதுவாகச் செல்லவும்" எண்டு துறையில ஒண்டு நட்டால் எங்க இருந்து எங்க மட்டும், எவ்வளவு மெதுவா, ஒண்டும் விளங்காது. கிலோமீற்றர் எழுதினாலும் கன போட்டில ஸ்பீட் காட்டுற மீற்றரே இல்லை, கரையில நிக்கிறவரிட்டயும் அளக்க ஒண்டும் இல்லை. புளோரிடாவில இதுக்கு வடிவான ஒரு வழி வைச்சிருக்கினம், அங்க மெதுவான வேகம் எண்டதுக்கு இலக்கமே இல்லை. போட் வழுக்கிறதை முழுசா விட்டு, தண்ணியில மட்டமா இருந்திருக்கவேணும், எழும்புற நிலையிலயோ இறங்குற நிலையிலயோ இருந்தால் அது மெதுவான வேகம் இல்லை, அவ்வளவுதான். அணியம் தூக்கியிருக்கோ இல்லையோ எண்டு பத்து வயசுப் பெடியனும் கரையில நிண்டு சொல்லுவான். எங்கட போர்டிலயும் இதைத்தான் எழுதவேணும், மூண்டு மொழியிலயும், ரெண்டு பக்கமும் மிதவை போட்டு.

அந்த மிதவையை எங்க போடுறது எண்டு கடலில இறங்காத ஆக்கள் மேசையில இருந்து கோடு கீறுறதும் நடக்கிற பிழைதான். தடி நட்டுக் கட்டுற சிறகுவலை எங்க நிக்குது, கடலட்டைப் பண்ணை எங்க, எத்தினை மணிக்கு வலை இழுப்பினம் எண்டதெல்லாம் படத்தில இராது. குருநகரிலயும் பாசையூரிலயும் கேட்டால் அரை மணித்தியாலத்தில சொல்லிப்போடுவினம்.

அலை வாங்கிற வள்ளத்துக்கும் ஒண்டு. பக்கப்பாட்டில நிண்டு வாங்காமல் அணியத்தைக் கொஞ்சம் சரிச்சு அலைக்குக் குடுங்கோ, எழும்பி நிண்டு ஏசாதேங்கோ, அலை முடிஞ்சாப் பிறகு ஏசலாம்.

ஓட்டியளுக்கு நான் சொல்லுறது ஒண்டே ஒண்டு, ஆக்களைக் கண்டால் ஒருக்கால் திரும்பிப் பின்னால பாருங்கோ. இதை ஒரு ஓட்டியிட்டச் சொன்னன், "அண்ணை, பின்னால பார்த்தால் முன்னால வலைத்தடி தெரியாது, நீங்களோ வந்து காசு கட்டுவியள்" எண்டார். அதுவும் சரிதான். அப்ப டிக்கெட் குடுக்கிற பெடியனைப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ, அவன் எப்பிடியும் அந்த நேரம் போன் தானே நோண்டிக்கொண்டு நிக்கிறான்.