தளம் வெளியே திறக்கவில்லையா? ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன்

கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஹோம்ஸ்டே நடத்துபவர், முன்பதிவுத் தளத்தை வாடகை சர்வரில் வைக்காமல் வீட்டிலுள்ள பழைய கணினியிலேயே நடத்த விரும்பினால், அதில் தவறேதும் இல்லை. அதற்காக ரவுட்டரில், நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) நிறுவுவதும் நல்ல முடிவே. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரை மையமாகக் கொண்டு 2004-இல் தொடங்கிய அந்த ஃபர்ம்வேருக்கு இன்றும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தளம் வெளியிலிருந்து திறக்காதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. தடை எங்கே இருக்கிறது என்று பாராமல், ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் அரண்) விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே போவதுதான் இத்துறையில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN, வெளி இணைய) இணைப்புக்கு எதிரே காட்டப்படும் ஐபி முகவரியை. அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். இதற்கென்றே அந்த முகவரித் தொகுதி 2012-இல் ஒதுக்கப்பட்டது. அந்நிலையில் நம் ரவுட்டரில் எத்தனை போர்ட்டுகளை (எண்ணிட்ட இணைப்பு வாயில்களை) திறந்துவிட்டாலும் வெளியார் யாரும் வந்து சேர முடியாது, ஏனெனில் தடுப்பு நம் வீட்டிலேயே இல்லை. முகவரி 192.168 என்று தொடங்கினால், நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டி இன்னும் தானே ரவுட்டராக இயங்குகிறது. அதை, இணைப்பை அப்படியே நம் ரவுட்டருக்குக் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். அந்தப் பெட்டியும் ஓப்பன்டபிள்யூஆர்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைப் பிடித்துக்கொண்டு மோதுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அதை ஃபயர்வால் கோளாறு என்று எண்ணிப் பொழுதை வீணாக்குவோர் உண்டு.

பொது முகவரி கிடைக்காதவர், கட்டணம் செலுத்தி நிலையான ஐபி பெறலாம். அல்லது வெளியிலுள்ள சிறிய வாடகை சர்வருக்கு வயர்கார்டு சுரங்கம் (குறியாக்கப்பட்ட தனி இணைப்பு) அமைக்கலாம். சுரங்கம் வீட்டிலிருந்து வெளிநோக்கித் தொடங்குவதால் ரவுட்டரில் ஒரு போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. மலையில் இதுவே தொல்லை குறைந்த வழி என்பது என் கருத்து. ஆனால் சுரங்கத்தின் உள்ளே வருவது சர்வரையே நேராகத் தொடும் என்பதால், சர்வரின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பு அப்படியே நிற்கிறது.

வீட்டு வைஃபையில் இருந்தபடியே தளத்தைத் திறந்து பார்த்து முடிவு கட்டுவது அடுத்த தவறு. உள்ளிருந்து நம் பொது முகவரிக்குச் செல்லும் கோரிக்கையை ரவுட்டரே திருப்பி சர்வருக்கு அனுப்பிவிடும் என்பதால், இணைய நிறுவனம் 80-ஆம் போர்ட்டை அடைத்திருந்தாலும் பக்கம் அழகாகத் திறக்கும். கைப்பேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் எட்டாவிட்டால், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உள்ள உறவினரைத் திறந்து பார்க்கச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஃபயர்வால் மண்டலங்களின் (வெளி இணையம், வீட்டு வலை என்ற பிரிவுகளின்) பட்டியலில் செய்யப்படும் ஒரு சிறு மாற்றம். வான் மண்டலத்தின் வரிசையில் இன்புட் (ரவுட்டருக்கே வருவது), அவுட்புட் (ரவுட்டரிலிருந்து செல்வது), ஃபார்வர்ட் (ரவுட்டர் வழியாகக் கடந்து செல்வது) என்று மூன்று தேர்வுகள் இருக்கும். இன்புட்டும் ஃபார்வர்டும் ‘ரிஜெக்ட்’ (மறு) என்றே நிறுவும்போது அமைந்திருக்கும். தளம் திறக்கவில்லை என்ற எரிச்சலில் இன்புட்டை ‘அக்செப்ட்’ (ஏற்றுக்கொள்) என்று மாற்றினால், தளம் அப்போதும் திறக்காது. மாறாக, ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் நுழைவும் உலகம் முழுவதற்கும் திறந்துவிடும். புதிதாக நிறுவிய ஓப்பன்டபிள்யூஆர்டியில் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்குக்குக் கடவுச்சொல்லே இராது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலைத்தளத்துக்குத் தேவையானவை 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டுகளைச் சர்வரின் நிலையான உள் முகவரிக்கு அனுப்பும் இரண்டு விதிகள் மட்டுமே. மண்டலத்தின் பொது விதியை மாற்றத் தேவையே இல்லை. தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் வழக்கமான சோதனை 80-ஆம் போர்ட் வழியாகவே நடப்பதால், 443 போதும் என்று அதை மூடிவிடுவோர், சான்றிதழ் காலாவதியாகும் நாளில்தான் விழித்துக்கொள்வர்.

சர்வரை வீட்டின் மற்றக் கருவிகளோடு ஒரே வலையில் விடுவதும் கூடாது. வலைச்செயலியின் ஓட்டை வழியாக ஒருவர் உள்ளே நுழைந்தால், விருந்தினரின் அடையாளச் சான்று நகல்கள் இருக்கும் மடிக்கணினி அடுத்த படிதான். சர்வருக்குத் தனி மண்டலம் அமைத்து, அங்கிருந்து லான் (வீட்டு வலை) மண்டலத்துக்குச் செல்லும் வழியை அடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐபிவி6 இருக்கும் இணைப்பில், போர்ட்டை உள் முகவரிக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் என்ற முறையே தேவைப்படாது. சர்வருக்கு மட்டும் போக்குவரத்து விதி எழுதினால் போதும். வீடு முழுவதற்கும் ஐபிவி6-ஐத் திறந்துவிட்டால் கேமராவும் தொலைக்காட்சியும்கூட வெளியே தெரியும்.

ஃபர்ம்வேர் நிறுவும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே பெயருள்ள ரவுட்டரின் வி2, வி5 பதிப்புகள் உள்ளே வேறு வேறு வன்பொருள் கொண்டவையாக இருக்கலாம் என்பதால், அடிப்பக்க ஒட்டுச்சீட்டைப் படித்த பின்னரே கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 4 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் தங்கும் நினைவகம்), 32 எம்பி ரேம் கொண்ட பழைய கருவிகளுக்குப் புதிய பதிப்புகள் பொருந்தா. வடகிழக்குப் பருவமழையில் மரக்கிளை விழுந்து மின்சாரம் போவது இங்கே வாடிக்கை என்பதால், ஃபிளாஷ் எழுதும்போது ரவுட்டர் யுபிஎஸ்-இல் இருக்கட்டும். 22.03 பதிப்பு முதல் ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸ் என்ற புதிய வடிகட்டல் அமைப்பில் இயங்குவதால், முந்தைய அமைப்பான ஐபிடேபிள்ஸின் கட்டளைகளை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுவது பயன் தராது. பதிப்பை உயர்த்தும்போது அமைப்புகள் தங்கினாலும், நாம் தனியாக நிறுவிய வயர்கார்டு போன்ற தொகுப்புகள் நீங்கிவிடக்கூடும். அவற்றின் பட்டியலையும் அமைப்புகளின் நகலையும் ரவுட்டருக்கு வெளியே வைத்துக்கொண்ட பின்னரே உயர்த்த வேண்டும்.