தூரத்தை 900-ஆல் வகுத்தால் பறக்கும் நேரம் கிடைத்துவிடுமா?

இரு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடும்போது வரும் தவறுகள் இவை. மைலையும் கிலோமீட்டரையும் குழப்பிக்கொண்டால் விடையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதை விட்டுவிடலாம். சரியான விடைபோலவே தோன்றும் தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஊர் வேறு, விமான நிலையம் வேறு

தூரம் காட்டும் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் வருவது நகரின் நடுப்புள்ளி. டோக்கியோவின் நரிதா விமான நிலையம் அங்கிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஹனேடா அருகிலேயே இருக்கிறது. லண்டனுக்கோ ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று பல. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்தே தேர்ந்தெடுங்கள். கனடாவிலும் ஒரு சிட்னி உண்டு.

பாகையும் கலையும்

51°28′ (51 பாகை, 28 கலை) என்ற அட்சரேகையை 51.28 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 28-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 51.47. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ. என்பதால், இந்தச் சின்னப் பிழைக்கே 21 கி.மீ. போய்விடும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறியும் அவசியம்.

தட்டை வரைபடத்தில் அளவுகோல்

வேண்டாம். பெருவட்டத் தூரத்தை, அதாவது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுங்கள்; அதற்குப் பூமியின் ஆரம் 6,371 கி.மீ.

900-ஆல் வகுப்பது

எத்தனை முறை திருத்தினாலும் ஒழியாத தவறு இது. ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும், 500 கி.மீ. தூரம், ஆக 33 நிமிடம் என்பார்கள். கால அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். காரணம், அட்டவணை நேரம் நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். உச்ச உயரத்துக்கு ஏறவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்; 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. வேகம்தான் உச்சவரம்பு.

பாதையும் நேர்க்கோடல்ல. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரமானது. தூரம் மாறவில்லை, ஊரும் நகரவில்லை.

அப்புறம் காற்று. நியூயார்க்–லண்டன் சுமார் 5,540 கி.மீ. அதே 900 கி.மீ. வேக விமானத்தை, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் 5 மணி 17 நிமிடம். அதையே எதிர்த்து வந்தால் 7 மணி 23 நிமிடம். போக வர ஈடாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. காற்றே இல்லாவிட்டால் இரு வழிக்கும் 12 மணி 19 நிமிடம். காற்றோடு 12 மணி 40. எதிர்க்காற்றில் கழியும் நேரம் அதிகம் அல்லவா?

தோராயக் கணக்கு வேண்டுமென்றால் தூரத்தோடு 5% கூட்டி, 850-ஆல் வகுத்து, 30 முதல் 40 நிமிடம் சேருங்கள். சுழல்விசிறி விமானத்துக்கு 850-க்குப் பதில் 500. இணைப்பு விமானத்தை மட்டும் இதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள், அட்டவணையைப் பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், கணக்குப் பிசகினால் இரண்டாவது டிக்கெட்டின் முழுக் காசும் போகும்.

கடிகாரத்தைக் கழிப்பது

அட்டவணையில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் யூ.டி.சி.க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். எல்லாம் முழு மணி அல்ல: இந்தியா 5:30, நேபாளம் 5:45. அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் 4 மணி நேரம்தான். வழக்கம்போல 5-ஐக் கழித்தால் லண்டன் போகும் விமானம் ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட்டதாக விடை வரும்.