வன்னியில் செவ்வரத்தை: கோடையில் காத்ததை மாரியில் இழக்கும் தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் ஆவணி வெயிலையும் தாங்கி நின்ற செவ்வரத்தை (செம்பருத்தி), கார்த்திகை மழையில் இலை பழுத்து வாடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். வாட்டத்தைக் கண்டதும் மேலும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது பெருந்தவறு. அவ்வாறு பட்டுப்போன செடியொன்றைப் பிடுங்கி, வேரை விரல்களுக்கிடையே இழுத்துப் பாருங்கள். தோல் வழுவழுவென்று கழன்று வர, உள்ளே நூல் போன்ற நார் மட்டும் மிஞ்சும். நீர் தேங்கிய மண்ணில் காற்றின்றி அழுகிய வேர் அது. அதனால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவேதான் ஈரத்தின் நடுவே நின்றும் செடி வாடுகிறது.

செம்மண் மேட்டு நிலத்தில் நீர் தானாக வடியும். வயலோரக் களிமண் வளவிலோ குழியில் நடாமல், ஓரடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து, மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்து, அதன்மேல் நட வேண்டும். கோடையில் தண்ணீர் நிற்பதற்காகச் செடியைச் சுற்றிக் கட்டிய வரம்பை ஐப்பசி மழைக்கு முன் உடைத்துவிட மறக்கக்கூடாது. என் பார்வையில், இந்த ஒரு மறதியே மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகமான செடிகளைக் கொல்கிறது.

செவ்வரத்தை புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டாமலே விட்டால் அடி மரத்துப்போய், கைக்கெட்டாத உயரத்தில் மட்டும் பூக்கும். அதற்காகச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடியில் மொட்டையாக வெட்டினால், துளிர்க்க ஈரமின்றிக் கிளைகள் காய்ந்துவிடும். புரட்டாசிக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவதே நல்லது. பூசைக்குப் பறிக்கும்போது நுனியோடு ஒடிப்பதும் தவறு. அடுத்தடுத்த நாட்களில் விரிய வேண்டிய மொட்டுகள் அந்த நுனியிலேயே இருக்கின்றன.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கிணற்று நீரை ஊற்றிவந்தால், நரம்பு பச்சையாயிருக்க இளம் இலைகள் மஞ்சளாகலாம். காரத்தன்மை கூடிய மண்ணிலிருந்து இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாமையே இதற்குக் காரணம். பசளைக் குறைவென்று எண்ணி அடுப்புச் சாம்பலைக் கொட்டினால் காரம் இன்னும் கூடும். யூரியாவை அள்ளிப் போட்டாலோ இலை செழிக்கும், பூ குறையும். இளந்தண்டுகளைத் தேடி மாப்போன்ற வெள்ளைப் பூச்சியும் வந்துவிடும்.

அப்பூச்சிக்கு வேப்பெண்ணெயை உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். தண்டில் எறும்பு ஏறுவதையும் தடுக்க வேண்டும். இனிப்பான கழிவுக்காக எறும்புகள் அப்பூச்சியைக் காவல் காக்கும். பூச்சி பிடித்த கிளைகளை வெட்டி வேலியோரம் எறிந்தால் அது திரும்பவும் செடிக்கு ஏறிவிடும், எரித்துவிடுங்கள்.